ஹட்பே போகாமல் திரும்பிய தவக்காலம்

ஆறு வருஷமாகப் பார்க்காத தங்கையைப் பார்க்கத்தான் இந்தத் தவக்காலத்தில் அந்தமான் போனேன். ஊர் சுற்ற அல்ல. அவள் கன்னியாஸ்திரி, லிட்டில் அந்தமான் தீவில், ஹட்பேயில் நர்ஸ். தூத்துக்குடியில் டீச்சரான எனக்குக் கிடைத்த விடுப்பு ஒரே வாரம்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். ஞாயிறன்று போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லம்பா லைனில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். மீன் குழம்பை வைத்துக்கொண்டு கெஞ்சினார்கள். நாற்பது நாளும் மீன் தொடமாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். போனில் தங்கையிடமும் பீற்றிக்கொண்டேன்.

"பெரிய தியாகந்தான்க்கா. நீ முதல்ல வந்து சேரு" என்று சிரித்தாள்.

ஹட்பே கப்பலுக்கு டிக்கெட் எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் இரண்டு நாள் வரிசையில் நின்றேன். புதன் காலை ஆறரைக்குக் கப்பல், எட்டு மணி நேரப் பயணம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்து ஐந்தேகாலுக்கே போய்விட்டேன்.

கவுண்டர் பக்கத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹட்பேக்காரி, ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவள். டிக்கெட் கிடைக்கவில்லை, வெயிட்டிங்கில் முதல் பெயர்.

"எட்டு மாசப் பாப்பாவ விட்டுட்டு வந்து இருபது நாளாச்சு மேடம். இந்த ஜஹாஜ் போச்சுன்னா அடுத்தது மூணு நாள் கழிச்சுத்தான். யாராவது ஒருத்தர் கேன்சல் பண்ணா நான் போயிருவேன்."

அடுத்த கப்பல் கிளம்பும் நாளில் எனக்கு ஊர் திரும்பும் விமானம். காதில் விழாத மாதிரித் தள்ளிப்போய் நின்றேன். உண்மையைச் சொன்னால், எரிச்சல்தான் வந்தது. இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு மீன் அவ்வளவாகப் பிடிக்காது.

ஆறு மணிக்கு டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். அது அவளுக்குப் போனது.

"ஏட்டி, நான் வரல" என்று தங்கைக்குப் போன் போட்டுக் காரணத்தைச் சொன்னேன். கன்னியாஸ்திரி ஆனாலும் எனக்கு அவள் ஏட்டிதான். "சரிக்கா. அந்தப் பொண்ண நான் கப்பல் ஜெட்டிக்குப் போய்ப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

புண்ணியம் செய்த நிறைவெல்லாம் வரவில்லை. கப்பல் போனபின் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆசையில்லாததை விட்டுவிட்டு அதற்குத் தவம் என்று பேர் வைத்து, இத்தனை வருஷம் ஆண்டவரிடமே கணக்குக் காட்டியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஹட்பேக்குப் பத்து நாளாவது ஒதுக்குங்கள். திரும்பும் விமானத்தைக் கப்பலை ஒட்டிப் போடாதீர்கள்.

மாலை நான்கு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். அந்தப் பெண்ணை வீட்டில் விட்டாயிற்றாம். குழந்தை முதலில் அம்மாவிடம் போகமாட்டேன் என்று அழுததாம்.

"நீ வரலன்னு தெரியும்க்கா. இருந்தாலும் கடைசி ஆள் இறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."