மூடாத இடது கண்

காலையில் என் கணவர் வாய் கொப்பளித்தார். தண்ணீர் தொட்டியில் விழாமல் இடது வாயோரமாக வழிந்து பனியனை நனைத்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, இடது கன்னம் தொங்கிப்போயிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதினால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

என் கணவர் ஹாஸ்ய நடிகர். பெயர் வேண்டாம். நாற்பதுகளில் கிராமபோன் வைத்திருந்த வீடுகளில் அவர் குரல் கேட்டிருக்கும். பம்பாயில், மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். ஊரையே சிரிக்க வைத்தவர் வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு முகபாவம் கண்டுபிடித்தால் காலைக் காபிக்கு முன் என் எதிரில் வந்து காட்டுவார். நான் சிரித்தால் அது மேடைக்குப் போகும். சிரிக்காவிட்டால் அன்றோடு சரி.

அன்று நான் சிரித்துவிட்டேன், அது ஸ்டூடியோவுக்குப் போயிற்று. முதல் தடவையாக ஒரு ஹிந்திப் படத்தில் மதராஸி சமையல்காரன் வேஷம். ஹிந்தி அவருக்கு ஓடாது, எல்லாம் முகத்தை வைத்துத்தான். டைரக்டர் "பஹுத் அச்சா!" என்று கைதட்டினாராம். படம் முழுக்க இந்த முகமே இருக்கட்டும் என்று மூன்று நாள் எடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் காபி வாயில் நிற்கவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்றார். "போறும் உங்க வேஷம், வேஷ்டியெல்லாம் காபிக் கறை!" என்று நான் கடிந்துகொண்டேன். துவைக்கிறவளுக்குத்தானே தெரியும்!

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தார். விசிறி எடுக்கப் போனவள் அப்படியே நின்றேன். நன்றாகக் குறட்டை விடுகிறார், இடது கண் பாதி திறந்து வெள்ளை தெரிகிறது. தூக்கத்தில் யார் நடிப்பார்கள்? அவரை எழுப்பி, டாக்டர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

பக்கவாதம் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் அவரை நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பாதி சுருங்கியது, இடது பாதி அசையவில்லை.

"நெத்தியும் சேர்ந்து போயிருக்கு. அதனால இது மூளையில வந்ததில்லேம்மா. காதுக்குப் பின்னாலேர்ந்து வர நரம்பு வீங்கியிருக்கு. முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை அசைக்கும் நரம்பு வேலை செய்யாமல் போவது)."

"திரும்பி வருமா?"

"நிறையப் பேருக்கு வந்துடறது. எப்போன்னு மட்டும் கேக்காதேங்கோ."

திரும்பி வரும்போது இவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். "முகம் வரலேன்னா நான் என்ன பண்ணுவேன், கோமு? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பயந்து பேசியது அதுதான் முதல் தடவை. நான்தான் சிரித்து அனுப்பினேன் என்று அழுதேன்.

"நீ சிரிச்சதும் எனக்கே சந்தேகமாயிடுத்து, நான்தான் பண்றேனோன்னு" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் கண்ணைக் கவனியுங்கள். வாய் கோணலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். மூட முடியாத கண் காய்ந்து புண்ணாகிவிடும். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டுவேன். வாரம் இரண்டு நாள் மின்சார வைத்தியம் (லேசான மின்சாரத்தால் கன்னத்தைத் தொட்டுத் தசையைத் துடிக்க வைப்பது). கீழ்வீட்டு மாமி உடம்பு எப்படி என்று விசாரிக்க வந்து, இவரைப் பார்த்ததும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவரோ, "சிரிச்சுட்டுப் போகட்டும் விடு" என்றார்.

கன்னத்தைத் தடவித் தடவி ஒரு விசித்திரம் கண்டுபிடித்தேன். செத்துக் கிடந்த இடது பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வலது பக்கம் நாற்பது வயது. இடது பக்கம் எனக்குத் தாலி கட்டிய பிள்ளையின் முகம். வலது பாதியைக் கையால் மறைத்துப் பார்ப்பேன், அப்புறம் இடது பாதியை. "என்னடி, புஸ்தகம் படிக்கிற மாதிரி?" என்பார்.

தினமும் "பப்படம்" என்று சொல்லச் சொல்வேன். உதடு சேராமல் காற்றுத்தான் வரும். ஏழாவது வாரம் ஒரு காலை "பப்படம்" முழுசாக வந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண்ணோரம் ஒரே ஒரு சுருக்கம். கிழட்டுச் சுருக்கம்! அதற்குப் போய் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

முகம் வந்தது, என் சிரிப்பு வரவில்லை. காபிக்கு முன் வந்து ஏதாவது காட்டுவார். நான் இடது கண்ணையே பார்ப்பேன். "முதல்ல ரெண்டு கண்ணையும் மூடிக் காட்டுங்கோ" என்பேன். நாடகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "இவ சிரிக்கட்டும், வரேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. இப்போது வியாதி எனக்கு, சிரிப்பு வராத வியாதி, அதற்கு மருந்தில்லை.

அப்புறம் ஒருநாள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் இடது கண்ணிலிருந்து தாரையாக நீர். வலது கண்ணில் ஒன்றுமில்லை. நரம்பு திரும்ப வளரும்போது வழி தவறி, எச்சிலுக்குப் போக வேண்டியது கண்ணீருக்குப் போய்விடுமாம். டாக்டர் பிறகு சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது.

"ஏன்னா அழறேள்?"

"நான் அழலே. இந்தப் பக்கத்துக்காரனுக்கு உன் ரசம் ஒத்துக்கலே" என்றார், கன்னத்தைக் காட்டி.

வெடித்துச் சிரித்தேன். கரண்டி கை நழுவிக் கீழே விழுந்தது. மறுநாளே கம்பெனிக்குப் போனார்.

படம் வெளிவந்தது. தாராவியில் பிள்ளைகள் வாயைக் கோணிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்கள். நின்று, அவர்களுக்குச் சரியாகக் கோணக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார். அவர் போன பிறகும், சிரமப்பட்டுப் பழகிய எத்தனையோ முகங்களை மறந்த ஜனங்கள் அந்த ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். போனேன். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாகவே இருந்தது. எல்லாரும் வாயைப் பார்த்தார்கள், நான் இடது கண்ணைப் பார்த்தேன். சுருக்கமே இல்லாமல், இமைக்காமல், காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரையில் இருந்த நேரமெல்லாம் என் இடது கண் தானாக மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.