பேரையூர்க் காற்றில் எடுத்த ஹைட்ரஜன்

பசுமை ஹைட்ரஜன் என்று பேப்பரில் அரைப் பக்கம் வந்தால் நான் படிப்பதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டியதற்காக ஒரு மனிதரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு பசுமலையில். பேரையூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. ஆடியில் அங்கே காற்று ஆளைத் தள்ளும். கரண்டோ பாதி நாள் இருக்காது. பழைய கார் டைனமோவுக்கு சைக்கிள் செயினும் மர இறக்கையும் மாட்டி ஒரு காற்றாடி நட்டேன். காற்று நின்றால் விளக்கும் நின்றது. அடிக்கிற நேரத்திலேயே அந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு, ஹைட்ரஜனைப் பிரித்துச் சேர்த்து வைத்தால் என்ன என்று தோன்றியது. வகுப்பில் வருடா வருடம் செய்து காட்டுவதுதானே.

கோரிப்பாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"காத்து இருக்கப்ப பிடிச்சு வச்சு, இல்லாதப்ப எரிக்கணும். அம்புட்டுதானே டீச்சர்?"

"அம்புட்டுதான் பாய். ஆனா ஒரு பொட்டு கசியக் கூடாது."

பற்றுவைத்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, ஒரு குமிழி வந்தாலும் பற்றைப் பிரித்து மறுபடி வைத்தார். மூன்று முறை. தொட்டித் தண்ணீரில் ஒரு டிரம்மைத் துளிக் காற்று இல்லாமல் கவிழ்த்து மூழ்கடித்து, தண்ணீரைப் பிரிக்கும் தகடுகளிலிருந்து ஹைட்ரஜன் வரும் குழாயை அதன் அடியில் விட்டோம். காலையில் காற்று எழுந்தது. சாயங்காலம் டிரம் ஒரு முழம் மேலே வந்திருந்தது. சேர்ந்த ஹைட்ரஜனைக் குழாய் முனையில் பற்றவைத்தபோது வெயிலில் தீயே தெரியவில்லை. பாய் கையை நீட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு நாள் காற்றில் நாலு டம்ளர் டீ போட்டோம்.

பெரிதாகச் செய்ய உதவி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினேன். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயிடம் திரும்பி, "உன் பேரென்ன? இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார்.

"படம் போட்டது நான் சார்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கம்மா."

மூன்றாம் நாள் பாயின் மனைவி கல்லூரி வாசலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். பட்டறையிலிருந்து அவரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டதாம். ஸ்டேஷனில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"வெடிக்கிற கேஸாமே, டீச்சர்?"

"உங்க வீட்டு அடுப்புல எரியறதும் வெடிக்கிற கேஸுதான். இதுக்குப் படம் போட்டது நான், கையெழுத்துப் போட்டு லெட்டர் எழுதினது நான், நிலம் என்னுது. என்னை ஏன் கூப்பிடலை?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். அதற்குப் பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். என் பெயரில் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை; பாயின் பெயரில் வந்தது.

இருட்டும் முன்பு விட்டார்கள், இனி இந்த வேலை செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு. வழக்கும் போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. டிரம்மையும் தகடுகளையும் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவே இல்லை. நான் எழுதிய மனுக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது: இத்தகைய திட்டம் ஏதும் நடைமுறையில் இல்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது, "என்னாலதான் பாய்" என்றேன்.

"உங்க மேல வருத்தமில்லை டீச்சர். பட்டறை வாசல்ல போலீஸ் வந்து நின்னதைப் பிள்ளைக பாத்துருச்சுக. அதான்."

அதன்பின் அவர் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் மட்டும் செய்தார். அவ்வளவு நேர்த்தியாகப் பற்றுவைக்கும் கை அது. மறுபடி ஒன்று செய்யலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.