டேம் என்று ஒரு சொல்

இதை வாசிக்கும் ஐயா, அம்மையீர், தங்களுக்கு என் வணக்கம்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். ஜேடர்பாளையத்துக்கு அருகே காவேரிக்கரையில் எங்களுக்கு வாழைத்தோட்டம் இருந்தது. வெள்ளம் அதை வாரிக்கொண்டு போனதுண்டு. ஆகவே 'டேம்' என்ற சொல்லை என் தகப்பனார் தெய்வத்தின் பெயரைப்போல உச்சரிப்பார்.

பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று சிறுமியான நான் அழுதுகொண்டிருந்த வயது அது. ஒருநாள் புளியமரத்தில் ஏறி, கீழே நின்று வாய்க்கால் வழக்குப் பேசிய பக்கத்துத் தோட்டக்காரரின் தலைப்பாகையைத் தூண்டிலால் மேலே தூக்கிவிட்டேன்.

"படிக்காதப்பவே இந்த ஆட்டம். படிச்சா ஊடு தாங்குமா? பள்ளிக்கூடப் பேச்சே வேண்டாம்" என்று தகப்பனார் முடித்துவிட்டார்.

அணைக்கட்டில் மேஸ்திரியாக இருந்த தாய்மாமன் ஆடி நோன்பிக்கு வந்திருந்தார். நாலைந்து ஆங்கிலச் சொற்கள் அவர் வசம் உண்டு. என் அழுகையைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டே மெதுவாகத் தொடங்கினார்.

"ஏனுங்க மச்சான், முட்டற காளையைப் பழக்கி ஏர்ல பூட்டறமே, அதுக்கு இங்கிலீசுல டேம்னு பேருங்க."

"டேமுங்கறது தண்ணிக்குக் கட்டறதில்லையா?"

ஆங்கிலத்தில் பழக்குவதற்கான சொல்லும் அணைக்கான சொல்லும் எழுத்தும் பொருளும் வேறானவை. எங்கள் ஊர் வாயில் இரண்டும் ஒன்றே. மாமா சற்றுத் திகைத்தார்; உடனே முகம் மலர்ந்தது.

"அதேதானுங்க! காவேரி பழகாத காளை. அதைப் பழக்கறதால அதுவும் டேமு. அம்மணியும் அப்படித்தானுங்க. சும்மா உட்டா கரையை உடைக்கும். பள்ளிக்கூடத்துல தேக்கினா வயலுக்குப் பாயும்."

"கல்லுக் கட்டப் போன என்ற தம்பி பண்டிதனாயிட்டான்" என்று அடுப்படியிலிருந்து தாயார் சிரித்தார்.

தகப்பனார் மீசையைத் தடவினார். "பள்ளிக்கூடமும் ஒரு டேமுங்கறயா, மாப்ளே?"

"டேமேதானுங்க."

மறுநாள் தகப்பனாரே என்னை அழைத்துச் சென்று, "இதை நல்லா டேம் பண்ணி உடுங்க, சாமி" என்று வாத்தியாரிடம் ஒப்படைத்தார். வாத்தியார் விளங்காமல் தலையசைத்தார்.

என்னைக் காளை என்றாரே என்ற கோபத்தில், மாமா ஊர் திரும்பும்வரை நான் அவரோடு பேசவில்லை. வண்டியேறும்போது அவர் நீட்டிய பொரிகடலையையும் வாங்கவில்லை.

நான் பள்ளியில் இருந்தது சில காலமே. மீதியை நானாகப் படித்தேன். பிற்காலத்தில் அகராதியைப் புரட்டியபோது மாமா சொன்ன காளை 'டேமு'க்குப் பழக்கிய, சாதுவான, சுவையற்ற என்று பல பொருள்கள் கண்டேன். ஒன்றும் எனக்குப் பொருந்தவில்லை. மாமா அன்று பழக்கியது என் தகப்பனாரின் மனத்தை. புதுப்பாவாடையோடு வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது விளங்கவில்லை.

இந்தத் தாளைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.