நாற்பத்திரண்டு பேருக்குப் பெரட்டு

"மூக்கா!" என்று கூப்பிட்டுவிட்டு, மேற்குப் பக்கத்து முதல் ஜன்னலின் மூலையில் இருக்கும் பித்தளைக் கிளிப்பைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குகிறார் பொன்னையா. அது அசையவில்லை. "வந்திருக்கான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்ததற்கு நகர்கிறார். "சடையன்... வந்திருக்கான். பேச்சி... வந்திருக்கா. ஏ சின்னப்பொண்ணு, ஒன்னத்தான், ஆடாம நில்லு!" காலை ஆறரை மணி. கீழே பெரட்டுக் களத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குப் பேர் கூப்பிடுகிற அதே நேரத்தில், மேலே பங்களாவில் நாற்பத்திரண்டு பித்தளைத் துண்டுகளுக்குப் பேர் கூப்பிடப்படுகிறது.

நோர்வூட்டிலிருந்து மூன்று மைல் மேலே இருக்கும் அந்தப் பங்களாவில் முன்பு தோட்டத்துத் துரை குடியிருந்தார். இப்போது அதை ஒரு கம்பெனி உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறது. பொன்னையா அங்கே வாச்சர். வயது அறுபத்தொன்று. அதற்கு முன் இருபது வருஷம் மலையில் கங்காணியாக நின்று ஆட்களை வேலை வாங்கியவர். அந்த ஆட்கள் பாதிப்பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள், சிலர் செத்தும் போய்விட்டார்கள். பொன்னையாவுக்கு மட்டும் பேர் கூப்பிடுகிற பழக்கம் விடவில்லை. திருகும்போது முரண்டு பிடிக்கிற கிளிப்புக்கு மூக்கன் என்று பேர். காற்றடித்தால் கடகடவென்று வாயடிக்கிறதற்குச் சின்னப்பொண்ணு.

அந்தக் கிளிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வைகாசிக் கடைசியில் கச்சான் காற்று கிளம்பினால் அந்த மேட்டில் மனிதன் நேராக நிற்க முடியாது. ஆகவே மேற்குப் பக்கத்து ஏழு ஜன்னல்களுக்கும் வெளியே இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிப் பொருத்துவார்கள். புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும் கழற்றி ஸ்டோரில் வைப்பார்கள். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கிளிப். இரண்டு அங்குல நீளத்தில் ஒரு நாக்கு, அதன் நடுவில் ஒரு திருகு. நாக்கைக் குறுக்கே திருப்பினால் சட்டம் இறுகும். திருகைக் கழற்றினால் கிளிப் முழுசாகக் கையோடு வந்துவிடும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். செய்தவன் அதைப் பெரிய வசதி என்று நினைத்திருப்பான். பொன்னையாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். "கையால கழட்டலாம்னு செஞ்சிருக்கான் பாருங்க, களவெடுக்கிறவனுக்குன்னே செஞ்ச சாமான்" என்பார்.

அவருக்குச் சந்தேகம் என்பது சாப்பாடு மாதிரி. சீனி டின்னின் மூடிக்கடியில் ஒற்றை அரிசியை வைத்துவிட்டுப் போவார். அரிசி விழுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டரைத் தினம் ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "நேத்து ராவு இவ்வளவு லேசா இல்ல" என்பார். வெள்ளைக்காரப் பயணி ஒருவர் போகும்போது கையைப் பிடித்து மூன்று முறை நன்றி சொன்னதற்காக, அந்த அறையின் துவாய்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பட்டப்பகலிலும் கையில் டோர்ச் லைட் இருக்கும். யாரைச் சந்தேகிக்கிறார் என்று வாயால் சொல்லமாட்டார். டோர்ச்சின் முனையை அந்தப் பக்கம் லேசாகத் திருப்புவார், அவ்வளவுதான். அது திரும்பிவிட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குச் சனியன் பிடித்தது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட மனிதரின் காவலில், இந்த வருஷம் காற்று தொடங்கிப் பத்தாம் நாள், இரண்டாவது ஜன்னலில் கருப்பாயியைக் காணவில்லை.

ஐயோ, அன்றைக்குப் பங்களா பட்ட பாடு! பூச்சாடிகளைக் கவிழ்த்தார். நாய்ப் படுக்கையை உதறினார். மறுநாள் நோர்வூட்டுக்கு இறங்கி நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸ் போத்தல் ஒன்று வாங்கி வந்தார். "பொண்டாட்டிக்கா?" என்று கடைக்காரப் பிள்ளை சிரித்ததற்கு ஒரு முறைப்புத்தான் பதில். மிச்சமிருந்த நாற்பத்தொன்றின் அடிப்பக்கத்திலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தார். கள்ளன் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அப்படியும் அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று போயின. மூன்றும் வேறு வேறு ஜன்னலில்.

பொன்னையா யோசித்தார். ஒரே ஜன்னலில் நான்கைக் கழற்றியிருந்தால் கண்ணாடி விழுந்து நொறுங்கியிருக்கும். ஜன்னலுக்கு ஒன்றாக எடுத்தவர் யாரோ, கண்ணாடிமேல் அக்கறை உள்ளவர். கண்ணாடியில் தினம் கை வைப்பது யார்? டோர்ச் மெல்லத் தனுஜாவின் பக்கம் திரும்பியது.

தனுஜாவுக்கு இருபத்துமூன்று வயது. கீழ் டிவிசனிலிருந்து நடந்து வந்து அறைகளைக் கூட்டி, கண்ணாடி துடைத்து, படுக்கை விரிக்கிற பிள்ளை. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதால் மலைக்குப் போவதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். கள்ளி என்று பேர் வாங்கி வெளியே போனால் ஹட்டன் வரைக்கும் எந்தப் பங்களாவிலும் படியேற்ற மாட்டார்கள். இது பொன்னையாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் மெனேஜர் கஜேந்திரனுக்குப் போன் பண்ணினார். "பேர நான் சொல்லல சேர். கண்ணாடி தொடைக்கிற ஆளுன்னு மட்டும் சொல்றேன்." சனிக்கிழமை காலை வந்து கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக மெனேஜர் சொன்னார்.

கள்ளனைப் பிடிக்கிறவருக்கு அத்தாட்சி வேண்டாமா? வெள்ளிக்கிழமை காலையிலேயே இர்ஷாத்தின் ஹார்ட்வெயார் கடைக்குப் போய், கழற்றி எடுத்துவந்த மூக்கனை மேசைமேல் வைத்து, "இந்த மாதிரி எவனும் கொண்டாந்து வித்தானா?" என்று கேட்டார். இர்ஷாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பொன்னையாண்ணே, இத எவன் வாங்குவான்? நிறுத்தா ஒரு பிளேன்டீக்கும் வராது. காத்து அடிக்கிற சன்னல் ஒண்ணு இருக்கிறவனுக்குத்தான் இது ஒதவும்."

அந்தச் சொல் பொன்னையாவைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் ஜன்னலைத் தேடினால் போதும். நேரே கீழ் டிவிசனுக்கு இறங்கினார். வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் போகாமல் தண்ணீர் ஓடும் கானோரமாகப் பின்பக்கம் நடந்து, ஒவ்வொரு வீட்டுக் காம்பராவின் ஜன்னலுக்கும் டோர்ச் அடித்தார். ஓரிடத்தில் பழைய விளம்பரப் பெனர். ஓரிடத்தில் தகரம். தனுஜாவின் வீட்டு ஜன்னலில் உரச்சாக்கு, அதன் கீழ்விளிம்பில் வரிசையாக மூன்று கல். கிளிப் இல்லை. உள்ளேயிருந்து, முழங்காலில் எண்ணெய்த் துணி கட்டிய அந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு? கங்காணியா? என்னங்க தேடுறீங்க? உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"ஒண்ணுமில்ல" என்று நகர்ந்தார். மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் மனம் சொல்லிற்று. ஆனாலும் அந்த மூன்று கல்லும் கூடவே வந்தன.

திரும்புகிற வழியில் ஐந்தாம் நம்பர் லயம். அவருடைய வீடு அங்கேதான். காற்றுக் காலம் முடிகிறவரை பங்களாவின் பின்னறையிலேயே படுத்துக்கொள்வதால் வீட்டுப் பக்கம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. மனைவி லெட்சுமிதான் தினம் மத்தியானம் கெரியரில் சோறு எடுத்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். சாப்பிடும்போது அவர் கண் கேட்டை விட்டு அகலாது, முதுகுதான் ஜன்னல் பக்கம். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை லெட்சுமி விறைத்த கையைத் தேய்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பாள்.

பொன்னையா உள்ளே போய் உட்கார்ந்தார். லெட்சுமி தேத்தண்ணி கொடுத்தாள். பாதி குடித்தபிறகுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. காற்றடிக்கிற மாதத்தில் அந்த வீட்டுக்குள் பேசினால் காது கேட்காது. உடைந்த ஜன்னலில் கட்டிய பொலித்தீன் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குச் சத்தமே இல்லை.

"காத்து நின்னுருச்சா?"

"காத்து எங்க நிக்கிது? சன்னலத்தான் அடைச்சாச்சு."

எழுந்து போய்ப் பார்த்தார். பலகைச் சட்டம் ஒன்று அடித்து அதில் பொலித்தீனை இழுத்துத் தைத்து, ஜன்னலில் கச்சிதமாகப் பொருத்தியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு பித்தளை நாக்கு. ஒன்றின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். கியூடெக்ஸ் வழவழவென்று தட்டுப்பட்டது.

"அடிப்பாவி!" என்றார்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன். சன்னலுக்கு ஒண்ணுதான் எடுத்தேன், அங்க ஒரு கண்ணாடியும் விழாது. அங்க கண்ணாடிக்கு மேல கண்ணாடி போட்டுப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க. இங்க நான் சாக்கப் போர்த்திக்கிட்டு நனைஞ்ச பாயில படுத்தேன். ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா? கிளிப்புக்கெல்லாம் பேரு வச்சீங்களே, எம்பேரு ஞாபகம் இருக்கா?"

"அந்தப் புள்ள தனுஜாவுக்கு நாளைக்கு வேல போகுதுடி. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்."

லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள்.

பொன்னையா வீட்டில் எதையும் சொல்வதில்லை. பேச்சு வெளியே போய்விடும் என்று அவளிடமும் அவருக்குச் சந்தேகம். ஆனால் களவு என்று வந்தபோது, பங்களாவுக்குள் வந்து போகிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர், தினம் வந்து போன அவளைச் சந்தேகப்படவில்லை. கெரியரில் கறி மட்டும்தான் இருக்கும் என்று நம்பியிருந்தார்.

ஒரு திருகைக் கழற்றிப் பார்த்தார். அந்த மூலை பிய்த்துக்கொண்டு கிளம்பிப் படபடத்தது, சாரல் பாயில் விழுந்தது. நான்கையும் எடுத்துப்போய் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டால் என்ன? மாட்டலாம். 'பயந்துபோய்க் கொண்டாந்து வச்சிட்டா பாரு' என்பார்கள். அப்போதும் அந்தப் பிள்ளைக்குத்தான் பேர். இவருக்கே அப்படித்தானே தோன்றியிருக்கும்! உண்மையைச் சொன்னால் வாச்சர் வேலை போகும், இருபது வருஷக் கங்காணி என்ற மரியாதையும் அதோடு போகும். வெகுநேரம் அந்தத் திருகை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்ப மாட்டி, நாக்கைக் குறுக்கே திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே இறங்கினார்.

சனிக்கிழமை காலை மெனேஜர் சொன்னபடியே வந்தார். புல்வெளி ஓரத்தில் தனுஜா துணிப் பையோடு நின்றாள். அழுது முடித்த முகம். "நான் ஒண்ணையும் எடுக்கல சேர், எங்க அம்மா மேல சத்தியம்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எது எது கொறையுதுன்னு காட்டுங்க பொன்னையா" என்றார் கஜேந்திரன்.

பொன்னையா முதல் ஜன்னலில் தொடங்கினார். "மூக்கன்... வந்திருக்கான். சடையன்... வந்திருக்கான். பேச்சி... வந்திருக்கா." குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. மெனேஜர் பொறுமையில்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னையா இரண்டாவது ஜன்னலுக்கு வந்தார். நான்காவது இடத்தில் வெறும் துளை.

"கருப்பாயி!" என்று கூப்பிட்டார்.

"இது யார் எடுத்தது?" மெனேஜரின் பார்வை தனுஜாவின்மேல் போயிற்று.

பொன்னையா டோர்ச் லைட்டைக் குனிந்து புல்லில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, பெரட்டில் தன் பேரைக் கேட்டதும் ஆட்கள் தூக்குவார்களே, அப்படியே தன் வலது கையைத் தலைக்குமேலே தூக்கினார்.