பவளம் யார் கையில் தின்னும்

ஐம்பத்திரண்டு வயதில் மீனலோசனி முதன்முதலாகத் தனக்கென்று ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாழ்ப்பாண நகரத்து மீன்தொட்டிக் கடையில் வாங்கி, தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையில் மடியில் வைத்துக்கொண்டு, பண்ணைப் பாலம் தாண்டி தன் ஊரான சரவணை வரை பஸ்ஸில் வந்தாள். கடைக்காரர் அதை ஆக்சோலொட்டல் என்றார். பல்லிக்கு உள்ளதுபோல நான்கு கால், மீனுக்கு உள்ளதுபோல வால், கழுத்தின் இரு பக்கமும் சிவந்த இறகுகளாய் விரிந்த செவுள்கள். உடம்பு வெள்ளை. வாய் எந்நேரமும் சிரிப்பதுபோல இருக்கும். அவள் அதற்குப் பவளம் என்று பெயர் வைத்தாள்.

மீனலோசனி வேலணையில் தபால் கந்தோரில் வேலை பார்ப்பவள். கலியாணம் செய்யவில்லை. தங்கை நிமலினி பக்கத்து வளவில் இருந்தாள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் கனடாவில். அவர்கள் வந்து நின்றால் படுப்பதற்கென்று ஏசி பூட்டிய அறை ஒன்று கட்டியிருந்தாள். அவர்கள் வருவது எப்போதாவதுதான்.

அக்காவும் தங்கையும் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் மீனலோசனிக்குள் ஒரு எரிச்சல் பல காலமாக இருந்தது. தாய் படுத்த படுக்கையானபோது கழுவித் துடைத்துப் பார்த்தவள் அவள்தான். கடைசி நாட்களில் தாய் சோறு வேண்டாமென்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போது கொழும்பில் குடியிருந்த நிமலினி வந்திறங்கி ஒரு கரண்டி கஞ்சியை நீட்டியதும் தாய் வாயைத் திறந்தாள். பார்க்க வந்தவர்கள், "பாத்தியளே, சின்னவளெண்டா உயிர்" என்றார்கள். கஞ்சி காய்ச்சியது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் பவளத்துக்குச் சுகமில்லாமல் போனது. குளிர்ந்த தண்ணீரில் வாழ வேண்டிய பிராணி அது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், பவுசர் வண்டியில் வரும் குடிதண்ணீரைத்தான் தொட்டிக்கு ஊற்றுவாள். ஐஸ்கட்டிப் போத்தல்களை அதில் மிதக்க விட்டும் பார்த்தாள். கந்தோரால் திரும்பி வருவதற்குள் எல்லாம் உருகித் தண்ணீர் சுட்டது. பவளம் சாப்பாட்டை விட்டது. செவுள்களில் பஞ்சுபோல வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தது. கடைக்காரருக்குப் போன் எடுத்தாள்.

"கொஞ்ச நேரம் உப்புத் தண்ணியில விட்டு எடுங்கோ. அளவு நான் சொல்லுறன். ஆனா அக்கா, குளிரான இடத்தில வைக்காட்டி என்ன செய்தும் தப்பாது."

குளிரான இடம் ஒன்றுதான் இருந்தது. பவளத்தை வாளியில் விட்டுத் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆள் நுழையும் பொட்டால் தங்கை வீட்டுக்குப் போனாள்.

"ஐயோ, உந்தப் பல்லியை என்ர பிள்ளையளின்ர அறையிலயோ?" என்று நிமலினி முகத்தைச் சுளித்தாள். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "பாவம், மூச்சு வாங்குது. வையுங்கோ."

காலையில் மீனலோசனி உப்புத் தண்ணீரில் விட்டு எடுத்து, தண்ணீர் மாற்றிவிட்டு பஸ் பிடிப்பாள். பகல் முழுவதும் நிமலினி பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்த, அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். மெல்ல மெல்லப் பூஞ்சணம் கழன்றது.

ஒருநாள் கந்தோரில் சனம் வரிசையாக நிற்கும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. நிமலினியின் வளையல் போட்ட கை, விரல் நுனியில் ஒரு மண்புழு. பவளம் நிமிர்ந்து வந்து லபக்கென்று விழுங்கியது. "ரோசி சாப்பிட்டிட்டுது அக்கா!" என்று பின்னால் தங்கையின் குரல் கேட்டது.

ரோசி! மீனலோசனி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிராணி பிழைத்துவிட்டது, சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் வாழையடியில் தோண்டிய புழுக்களோடு போனாள். அவள் நீட்டியதைப் பவளம் திரும்பியும் பார்க்கவில்லை. கதவடியில் வளையல் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் நீந்திப் போனது.

"பசியில்லைப் போல. மத்தியானமும் குடுத்தனான்," என்றாள் நிமலினி.

"சுகம் வந்திட்டுதுதானே. நான் கொண்டு போறன்."

"வெயில் இன்னும் குறையேல்லை அக்கா. ஏன் அந்தரப்படுறியள்?"

"என்ர பிராணி. எனக்குப் பாக்கத் தெரியும். அதுக்குப் பேர் பவளம்."

நிமலினி விலகி நின்றாள். வாளியைத் தூக்க உதவிக்குக்கூட வரவில்லை.

அந்தக் கிழமை முழுக்க மீனலோசனி விடியவும் பின்னேரமும் ஐஸ் போட்டாள். பவளம் அவள் கையிலும் தின்றது, இரண்டு தரம். அந்த இரண்டு தரமும் அவளுக்குப் பெரிய வெற்றியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் நின்றது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஐஸ் கரைந்தது. பவளம் ஒரு பக்கமாகச் சரிந்து மேலே மிதந்தது. ஒரு செவுள் நுனி கறுத்து உதிர்ந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொட்டில் சேலை சிக்கிக் கிழிந்ததையும் பார்க்கவில்லை. நிமலினி வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னத்துக்குக் கொண்டு வந்தனீங்கள்?" நிமலினியின் குரல் உடைந்தது. "சாகிறதுக்கோ? உங்கட வீம்புக்கு அதென்ன செய்தது?"

மீனலோசனி வாளியைக் கீழே வைத்தாள். "பிழைதான்," என்றாள். "பிழைக்க வையடி. நீ குடுத்தாத்தான் தின்னுது. எனக்கு அது பாக்க ஏலாமக் கிடந்தது."

நிமலினி அக்காவை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஏசியைக் கூட்டிவிட்டு, உப்பு எடுக்கக் குசினிக்குப் போனாள்.

பவளம் பிழைத்தது. உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு முளை விட்டது. இந்தப் பிராணிகளுக்கு அப்படி மறுபடி முளைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அது அந்த அறையிலேயே இருப்பதென்று முடிவாயிற்று. மீனலோசனி ஒன்றை மட்டும் கேட்டாள்: சாப்பாடு தான் வந்துதான் கொடுக்கவேண்டும்.

"ஓம், நான் தொடமாட்டன்," என்று நிமலினி ஒப்புக்கொண்டாள்.

இப்போதும் வேலை முடிந்து வந்ததும் மீனலோசனி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அந்த அறைக்குத்தான் போகிறாள். அநேகமான நாட்களில் பவளம் அவள் கையில் தின்கிறது. சென்ற கிழமை ஒருநாள் அதன் வயிறு உருண்டையாய்ப் புடைத்திருந்தது. புழுவை நீட்ட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ ஏதும் குடுத்தனியே?" என்று கேட்டாள்.

"சீ, இல்லை," என்றாள் நிமலினி, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி. அவள் நகக்கண்ணில் வாழையடி மண் இருந்தது.

மீனலோசனி அதைக் கண்டாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, புழுவைக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். பிறகு தங்கை போர்த்தியிருந்த போர்வையில் ஒரு பாதியை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் இருந்தாள்.