அந்தக் கோப்பின் முதல் வரி

கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நீண்டுகொண்டே போகும். சர்வரைத் தேடுகிறேன் என்று அதற்குப் பொருள். திருப்பதியில் நான் பொறுப்பாளராக இருந்த கணினிப் பயிற்சி மையத்தில் பன்னிரண்டு பழைய கணினிகள் அப்படித் தேடியே பொழுதைக் கழித்தன. ஹார்ட் டிஸ்க் இல்லாதவை. ஃபிளாப்பியில் இருக்கும் ஒரு சிறிய இலவச மென்பொருள்தான் நெட்வொர்க் கார்டு வழியாகச் சர்வரிலிருந்து மற்றதையெல்லாம் இழுத்து வந்து அவற்றை எழுப்ப வேண்டும். எங்கள் முதலாளி சென்னையில் மலிவாக அள்ளி வந்த கார்டுகளை அந்த மென்பொருளுக்கு அடையாளமே தெரியவில்லை. அவற்றை இயக்கும் நிரலான டிரைவரை அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை.

எழுதியவர் எங்கள் லேப் உதவியாளர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். சத்தியவேட்டுப் பக்கம், அப்பா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நானோ கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை, பட்டதாரி என்ற மிதப்பு வேறு. வேறொரு கார்டின் டிரைவரை அச்செடுத்து, எங்கள் கார்டில் இருந்த சிப்பின் விவரக் குறிப்போடு வரி வரியாக ஒப்பிட்டு எழுதினார். மூன்று வாரம் கார்டு சர்வருக்குத் தகவல் அனுப்பியதே தவிர, அங்கிருந்து எதையும் வாங்கவில்லை. ஒரு மத்தியானம் புள்ளிகள் நின்று எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. "வாங்கிக்கினு இருக்குது சார், வந்து பாருங்க!" என்று கத்தினார். வகுப்பே எழுந்து நின்றது.

அந்த மென்பொருளை வளர்ப்பவர்களுக்கு அனுப்பினால் அதிலேயே சேர்த்துக்கொள்வார்கள். அனுப்புமுன் கோப்பைத் திறந்தேன். எழுதியவர் என்ற முதல் வரியில் என் பெயர் இருந்தது. "இன்சார்ஜ் பேருதான சார் போடணும்? ஆபீஸ் பேப்பர்னா அப்டித்தான போகும்?" என்றார். எங்கள் பக்கத்து அலுவலகங்களில் யார் எழுதினாலும் கடிதம் அதிகாரியின் பெயரில்தான் போகும். அவர் அதைத்தான் பார்த்திருந்தார். அந்த வரியின் மதிப்பு எனக்குத் தெரியும். திருத்த அரை நிமிடம் ஆகாது. அப்படியே அனுப்பினேன்.

அதைக் காட்டித்தான் எனக்கு அமெரிக்க வேலை கிடைத்தது. நான் விசாவுக்குக் காத்திருந்தபோது அவர் பெங்களூரில் ஒரு நேர்காணலுக்குப் போய், அந்த டிரைவர் தன்னுடையது என்றிருக்கிறார். அவர்கள் கோப்பைப் பார்த்துவிட்டு, பொய் சொல்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். என்மேல் அவர் கோபப்படக்கூட இல்லை. "பேர மாத்தச் சொல்லி அந்த சாஃப்ட்வேர்காரங்களுக்கு நீங்க ஒரு மெயில் போட்டா போதும் சார். மறுபடி கூப்புடுவாங்க," என்றார். போடுகிறேன் என்றேன். விசா வரட்டும் என்று தள்ளினேன். வந்த பிறகு வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளினேன். இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை கேட்கவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்விட்டார். நான் கோழை. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து, சென்ற மாதம் அந்த மென்பொருளை வளர்ப்பவர்களுக்கு அந்த மெயிலை அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. அந்தக் கார்டை இப்போது யாரும் பயன்படுத்தாததால் டிரைவரை நீக்கிவிட்டார்களாம். பழைய பதிவுகளில் கோப்பு அப்படியே இருக்கும், அவற்றை மாற்றும் வழக்கம் இல்லையாம். கடைசியில் என் பங்களிப்புக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

எப்படியோ எண்ணைத் தேடிப் பிடித்து அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எம் பொண்ணு இன்ஜினீரிங் படிச்சிக்கினு இருக்குது சார்," என்றார். "நான் எழுதுனதுன்னு சொன்னேன். நெட்ல தேடிப் பாத்துட்டு, ஏன் நைனா பொய் சொல்றன்னு கேட்டுச்சு."

அவளிடம் நான் பேசட்டுமா என்றேன்.

"நீங்க சொன்னா உடனே நம்பும் சார்," என்றார். "அதான் வேணாம்."