வெந்நீரில் இறுகிய கரடி

என் சித்தி பழைய துணிகளை ஆல்ட்டர் செய்து தருபவர். ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது எல்லாம் பிழைப்புக்கு. கரடி பொம்மைகள்தான் ஆசைக்கு. அதையும் ஊரார் செய்வதுபோல் செய்யமாட்டார். ஒரு கரடிக்கு மரத்தூள் அடைத்தார், கட்டிப்பிடித்தவர்களெல்லாம் தும்மினார்கள். இன்னொன்றுக்குக் குடைக்கம்பியால் கை செய்து வைத்தார். அது படாரென்று நிமிர்ந்து சித்தப்பாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

“நான் வாயாலதான் கரடி விடுவேன். உங்க சித்தி கையாலயே விடுறா,” என்றார் சித்தப்பா, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

பிறகு சித்தி கம்பளிக்கு வந்தார். பழைய ஸ்வெட்டரை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டுக் கசக்கினால் பின்னல் இறுகிப்போகும். வெட்டினாலும் நூல் பிரியாது, உள்துணியும் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்த நாளில் சித்தி நடந்தே வரவில்லை, பறந்துதான் வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கரி மாஸ்டரின் மனைவி ஒரு பையோடு வந்தார். மாஸ்டர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விடியற்காலை வேலைக்கு அவர் போட்டுப்போகும் ஸ்வெட்டர் அந்தப் பையில் இருந்தது.

“இதுல ஒரு பொம்மை பண்ணிக் குடுங்கக்கா. பையன் கட்டிக்கிட்டுத் தூங்கட்டும்.”

சித்தி, பொம்மைக்கு உதவாத கழுத்துப் பட்டியை மட்டும் வெட்டிக் கழிவுப்பையில் போட்டார். மற்றதை வெந்நீரில் முக்கினார். கரடி அப்படி ஒரு அழகு. காது மடல்கூட தானாக நின்றது. சித்தி இரண்டு தடவை அதைத் தூக்கிவைத்துக் கொஞ்சியதை நான் பார்த்தேன்.

அந்த அம்மா வந்து கரடியை வாங்கினார். கண்ணைப் பார்க்கவில்லை, காதைப் பார்க்கவில்லை. நேராக முகத்தை அதில் புதைத்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“துவைச்சிட்டீங்களாக்கா?”

“கம்பளி இறுகணும்னா வெந்நீர்ல…” சித்தி பாதியில் நிறுத்திவிட்டார்.

“நான் துவைக்காமயே வெச்சிருந்தேன். பன்னு வாசனையும் அவரு வேர்வையும்…”

சித்தியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. சட்டென்று தரையில் உட்கார்ந்து கழிவுப்பையைக் கவிழ்த்தார். நூலையும் துண்டுத்துணியையும் கிளறிக் கழுத்துப் பட்டியை எடுத்தார். அழுக்கு படிந்த அந்தத் துண்டைக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இது மட்டும் தண்ணி படல.”

அந்த அம்மா முகர்ந்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. பிறகு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கரடி இங்கயே இருக்கட்டும்க்கா.”

அது இப்போது எங்கள் தையல் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தூக்கிப்போட சித்திக்கு மனம் வரவில்லை; விற்கவும் வரவில்லை. நேற்று பேன்ட் கொண்டுவந்த ஒருவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட, பிரமாதமா இருக்கே! நீங்க செஞ்சதா?”

சித்தி ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டார்.

“இல்லைங்க. யாரோ விட்டுட்டுப் போனது.”